மிளகுக்கு வயிறு சரியில்லை

பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் செய்யாது. கூடைக்குள்ளதான கெடக்கு. உங்க நாய்க்குட்டிதான் குலைக்குது, இவ வாயத் தொறக்கல பாத்தீங்களா? பேரு மிளகு. வெள்ளை உடம்புல அங்கங்க கறுப்பாப் புள்ளி இருக்குல்லா, அதான். நான் வச்ச பேரு இல்ல, எங்க வீட்ல வச்சது. நானா இருந்தா கொஞ்சம் யோசிச்சு வச்சிருப்பேன்.

என்ன சீக்குன்னு கேக்கீங்களா? வயிறுதான். வயித்துப்போக்கு, வாந்தி, எல்லாம் இருந்துச்சு. இப்ப சரியாயிட்டு. கடைசியா ஒரு தடவ கொண்டாந்து காட்டுங்கன்னு டாக்டரம்மா சொன்னா, வந்திருக்கேன். டாக்டரம்மான்னு சொல்லுதேன், என் மகளைவிட நாலு வயசு கம்மியா இருக்கும். உள்ள ஒரு ஆட்டுக்கு வைத்தியம் நடக்குதாம். ஒரு ஆட்டுக்கு முக்கால் மணி நேரம்! நான் சர்வீஸ்ல இருக்கும்போது முக்கால் மணி நேரத்துல ஒரு பஸ் ஸ்டாண்டையே பாத்து முடிச்சிருவேன்.

நான் சுகாதார ஆய்வாளர். சானிடரி இன்ஸ்பெக்டர்னாதான் ஜனங்களுக்குப் புரியும். முப்பத்திரண்டு வருசம், மூணு நகராட்சி. உலகநாதன் வாரான்னு சொன்னாலே ஓட்டல்காரன் பாத்திரத்துக்கு மூடியத் தேடுவான். எத்தன சாம்பார் அண்டாவக் கவுத்திருக்கேன் தெரியுமா? நான் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இது எப்பச் செஞ்சது? எம்புட்டு நேரமா வெளிய இருக்கு?" அதுக்கு நேராப் பதில் சொன்னவன் ஒருத்தன் கிடையாது. முழிப்பான். சுத்தம்னா என்னன்னு இந்த ஊர்ல எவனுக்கும் தெரியாது. அத மனசுல வச்சுக்கிடுங்க, அப்பதான் நான் சொல்றது உங்களுக்கு வெளங்கும்.

எங்க வீட்டம்மா பேரு ஆவுடையம்மாள். பங்குனிக் கடைசியில மகளுக்குப் பிரசவம் பாக்கப் புனேக்குப் போனா. அஞ்சு மாசம் இருந்துட்டு வரணும்னு ஏற்பாடு. போகும்போது எனக்கு என்ன செஞ்சு வச்சிட்டுப் போனாங்கிறீங்க? ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், ஒரு டப்பா பருப்புப் பொடி. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருமுனை மெஸ்ல சொல்லிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான் எனக்கு. பூனைக்கு? ஒரு முழுத் தாள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டுப் போனா. காலையில தயிர்சாதம், உப்புப் போடக் கூடாது, குழையப் பிசையணும். மத்தியானம் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் அவிச்ச மீன் குடுத்து விடுவாங்க, தட்டைக் கழுவித் திருப்பிக் குடுக்கணும். சாயங்காலம் பால் கேட்டா குடுக்கக் கூடாது, கேக்கத்தான் செய்யும். இப்படி. எனக்கு ஒரு வரி எழுதல. சவத்த விடுங்க.

நாங்க சைவம். வீட்டுல முட்டை கூட நுழைஞ்சது கிடையாது. அதனால மீன் விசயம் எல்லாம் டீச்சர் வீட்டோட. அவங்க ரிடையர்டு, தனியா இருக்காங்க, நல்ல மாதிரிதான். ஆனா கொஞ்சம் நடுவுல நடுவுல பேசுவாங்க.

நான் அந்தத் தாளப் படிச்சேன். படிச்சிட்டுச் சிரிச்சேன். பூனைக்குத் தயிர்சாதம்! பூனை என்ன அக்ரகாரத்துலயா பிறந்துச்சு? எட்டு வருசமா இவ தயிர்சாதம் போட்டிருக்கா, இவ போட்டதுனால அது உயிரோட இருக்கல, போட்டும் உயிரோட இருந்திருக்கு. அதுதான் விசயம். நான் படிச்சவன், அறிவியல் தெரிஞ்சவன். செல்போன்ல தேடினேன். இயற்கை முறையில பூனை வளக்கிறவங்கன்னு ஒரு குழு இருக்கு, சேந்தேன். அதுல ஒருத்தர் தினமும் போடுவாரு, பூனைக்கு வேகவச்சுக் குடுத்தா சத்தெல்லாம் போயிரும், பச்சையாத்தான் குடுக்கணும், காட்டுல எந்தப் பூனை அடுப்பு வச்சிருக்குன்னு. நியாயமான கேள்விதான? காட்டுல எந்தப் பூனை அடுப்பு வச்சிருக்கு? இதுக்கு ஆவுடை என்ன பதில் சொல்லுவா? ஸ்டெல்லா டீச்சர் என்ன பதில் சொல்லுவாங்க?

ஒரு ஞாயித்துக்கிழம கறிக்கடைக்குப் போனேன். ஆமா, நான்தான். அறுபத்து மூணு வயசுல முதத் தடவையா ஒரு கறிக்கடையில வாங்குற ஆளா நின்னேன். இதுக்கு முன்னால நோட்டீஸ் குடுக்கத்தான் போயிருக்கேன். கடைக்காரர் பீர் பாய்க்கு என்னைத் தெரியும். பாத்ததும் பயந்துட்டாரு, கத்தியக் கீழ வச்சிட்டாரு. "ஐயா, லைசென்ஸ் எல்லாம் புதுப்பிச்சாச்சு"ங்காரு. இல்லய்யா, கறி வாங்க வந்திருக்கேன்னேன். அப்பத்தான் ரொம்பப் பயந்தாரு.

கோழிக் கறி, ஈரல், இதயம், கழுத்தெலும்பு. ஈரல் நிறையப் போடும்னு சொன்னேன், சத்து அதுலதான இருக்கு. குழுவுல ஏதோ அளவு எழுதியிருந்தான், ஈரல் கொஞ்சமாத்தான் சேக்கணும், பழைய சாப்பாட்டுலருந்து பத்து நாளாக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்னு. அதெல்லாம் மத்தவங்களுக்கு. பத்து நாளு என்னத்துக்கு? நல்லதுன்னு தெரிஞ்சா இன்னைக்கே செய்ய வேண்டியதுதான.

பாய் பொட்டலம் கட்டிட்டே கேட்டாரு, "யாருக்குங்கய்யா?" பூனைக்குன்னேன். "அவிச்சுத்தான குடுக்கப் போறீங்க?"ன்னாரு. பச்சையாத்தான்னேன். "வெயில் காலம் ஐயா. பாத்துக்கிடுங்க. இது காலையில வெட்டுனது, இன்னைக்கே முடிச்சிருங்க"ன்னாரு. எனக்கு! கறிக்கடைக்காரர் எனக்குப் பாடம் எடுக்காரு. உம்ம கடைக்கு மூணு தடவ நோட்டீஸ் குடுத்தவன்யா நான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு அரைச்சேன். எந்த ஜாரா? இருக்குற ஜாருதான். சட்னி ஜாரு. கழுவினா போச்சு. ஒரு வாரத்துக்குச் சேத்து அரைச்சாச்சு. தினமும் அந்தக் கடையில போயி நிக்க முடியுமா? தெருவுல நாலு பேரு பாப்பாங்கல்லா. மேல ஐஸ் பெட்டியில வைக்கலாம்னா அங்க ஆவுடை தேங்காத் துருவல் பொட்டலமா வச்சு அடைச்சிட்டுப் போயிருக்கா. அதனால கீழ காய்கறி வைக்கிற தட்டுல வச்சேன். எவர்சில்வர் டப்பாவுல, மூடி போட்டுத்தான். மூடி ரொம்ப முக்கியம்.

முதல் நாள் நீங்க பாத்திருக்கணும். தட்டை வச்சதும் மோந்து பாத்துட்டு அப்படியே என்னை நிமிந்து பாத்துச்சு. எட்டு வருசத்துல இது என்னைப் பாத்ததே கிடையாது. அவ மடியிலதான் கெடக்கும், நான் வந்தா எழுந்து போயிரும். அன்னைக்கு ஒரு துளி விடாம நக்கிட்டு என் கால்ல வந்து உரசுச்சு. நான் வேட்டியத் தூக்கிக்கிட்டு நின்னேன். என்ன செய்யன்னு தெரியல. பாத்தியாட்டி ஆவுடைன்னு மனசுக்குள்ள சொன்னேன். முப்பத்தாறு வருசமா அடுப்படியில நிக்க, ஒரு பூனைக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியல, எனக்கு ஒரே நாள்ல தெரிஞ்சிட்டு.

மீன் வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். ஏன் சார்னாங்க. இனிமே அறிவியல் முறைப்படி உணவுன்னேன். அவங்க தட்டை மட்டும் வாங்கிட்டுப் போனாங்க.

நாலாம் நாள் இளக்கமாப் போச்சு. சரி, புது சாப்பாடுன்னு விட்டேன். அஞ்சாம் நாள் தண்ணியாப் போச்சு. நாத்தம்னா நாத்தம், அப்படி ஒரு நாத்தம் நான் சாக்கடைப் பிரிவுல இருந்தப்பக் கூடப் பாத்தது இல்ல. பூஜை அறை வாசல்ல, சோபாவுக்கு அடியில, ஆவுடை மடிச்சு வச்ச சேலை மேல. அது எப்பவும் கொல்லைக்குப் போயி மண்ணத் தோண்டி மூடிட்டு வர்ற பிராணி. இப்ப அதுக்கு ஓட நேரமில்ல. போற எடத்துல நின்னுரும், அப்புறம் எங்கிட்டோ ஒளிஞ்சுக்கும். குழுவுல கேட்டேன். "உடம்புல இருந்த பழைய நஞ்செல்லாம் வெளியேறுது, நல்ல அறிகுறி, தொடருங்கள்"னு எழுதினான். எட்டு வருசத் தயிர்சாதம் வெளியேறுதுன்னு நானும் நெனச்சேன். தொடர்ந்தேன்.

தட்டுல வச்சா உடனே திங்காது அப்ப. காலையில ஏழு மணிக்கு வைப்பேன், மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் அப்படியே இருக்கும். பசிச்சா வந்து திங்கும்னு விட்டுருவேன். காட்டுல என்ன ஃப்ரிட்ஜா இருக்கு? ஈ கொஞ்சம் மொய்க்கும்தான். கத்திரி வெயில்ல ஈ எங்கதான் இல்ல?

இதுல இன்னொரு கூத்து, அதே வாரம் எனக்கும் வயிறு கெட்டுப் போச்சு. நாலு நாள். காய்ச்சலும் சேந்துக்கிட்டு. எனக்குக் காரணம் உடனே தெரிஞ்சு போச்சு, அந்த மெஸ்ஸுதான். ராத்திரி நான் வீட்டுலதான் சாப்பிடுவேன், மாவு வாங்கி ரெண்டு தோசை, ஒரு மல்லிச் சட்னி அரைச்சு. அது என் கையால செஞ்சது, அதுல ஒரு குறையும் இருக்க முடியாது. அப்ப மிச்சம் என்ன? மெஸ்ஸு. வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு நேரா அவங்க அடுப்படிக்குள்ளயே போயிட்டேன். கூட்டுச் சட்டியத் தூக்கி, "இது எப்பச் செஞ்சது? எம்புட்டு நேரமா வெளிய இருக்கு?"ன்னேன். அந்தம்மா மரகதம்னு பேரு, கரண்டியோட நின்னுக்கிட்டு, "பத்து நிமிசம் ஆச்சு சார், ஆவி வருதே தெரியல?"ன்னா. வாய் கொழுப்பு. "நாப்பது பேரு சாப்பிடுதாங்க, உங்க ஒருத்தருக்குத்தான் வயிறு வலிக்குது. நாளையிலருந்து இங்க வராதீங்க"ன்னுட்டா. நல்லதாப் போச்சுன்னு வந்துட்டேன். மத்தியானத்துக்குப் பிஸ்கட்டும் வாழைப்பழமும். எனக்கு அது போதும்.

தினமும் சாயங்காலம் ஆவுடை வீடியோவுல வருவா. பேத்தியக் காட்டுவா. பேத்தி என் சாயல், நெத்தி அப்படியே. "மிளகைக் காட்டுங்க"ம்பா. தூங்குதுன்னு சொல்லிருவேன். மறுநாளும் தூங்குதுன்னேன். அதுக்கு மறுநாள், "இந்நேரத்துல அவ தூங்க மாட்டாளே, கதவுகிட்டல்லா உக்காந்திருப்பா"ன்னா. இப்ப பழக்கம் மாறிட்டுன்னேன். பொய் இல்ல அது. பழக்கம் மாறத்தான் செஞ்சிருந்துச்சு. குளியலறைத் தரையில தண்ணி ஓடுற எடத்துல நெஞ்ச வச்சுப் படுத்துக் கெடந்துச்சு.

ஒம்பதாம் நாள் டீச்சர் வந்தாங்க. ரெண்டு நாளாத் தெருவுல பூனையக் காணோமேன்னு. கூப்பிடாமலே உள்ள வந்தாங்க, குளியலறை வரைக்கும் போயிட்டாங்க. குனிஞ்சு அதோட பிடரித் தோலை ரெண்டு விரலால இழுத்து விட்டாங்க. அது அப்படியே கூடாரம் மாதிரி நின்னுச்சு. கீழ எறங்கவே இல்ல.

"சார், உடம்புல தண்ணியே இல்ல. என்ன குடுத்தீங்க?"

"சத்துள்ள சாப்பாடு."

"என்ன சாப்பாடு சார்?"

சொன்னேன். டப்பாவத் தொறந்தும் காட்டினேன். எனக்கு என்ன பயம்? அவங்க மூக்கப் பொத்திக்கிட்டாங்க. மீன் திங்கிற மூக்கு, இதுக்குப் பொத்துது! அப்புறம் ஃப்ரிட்ஜ்ல அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. டப்பா லேசா ஒழுகியிருந்துச்சு, அதுக்குக் கீழ மல்லிக்கட்டு இருந்துச்சு. என் முகத்தப் பாத்தாங்க. "உங்களுக்கு உடம்பு நல்லாருக்கா சார்?"ன்னாங்க. எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்னேன். "கூடைய எடுங்க, ஆட்டோ சொல்லுதேன்"னாங்க. ரெண்டு நாள் பாத்துட்டுப் போலாம்னேன். "ரெண்டு நாளைக்கு இது தாங்காது சார்"னாங்க. அப்படிப் பேசுவாங்க அவங்க, எதையும் பெருசா.

கூடையில தூக்கி வைக்கும்போதுதான் எனக்குத் தெரிஞ்சுது. வெயிட்டே இல்ல. துணி மாதிரி இருந்துச்சு.

இங்கதான் கொண்டாந்தோம். இதே பெஞ்சு. டாக்டர் நஸ்ரின் பாத்தா. காய்ச்சல் பாத்தா, வயித்த அமுக்கிப் பாத்தா, மலத்த எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினா. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டா, "சார், அந்தக் கறி எப்ப வாங்கினது? எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?"

என்ன சொல்லணும்? நான் யாருன்னு தெரியுமான்னேன். "தெரியாது சார், சொல்லுங்க. எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?" மறுபடியும் அதே கேள்வி. சின்னப் பொண்ணு, மரியாதையாத்தான் கேட்டா, ஆனா கேள்வி கேக்கிற முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? டீச்சர் முந்திக்கிட்டு, "காலையில வச்சா மத்தியானம் வரைக்கும் இருக்குமாம் டாக்டர். ஒரு வாரத்துக் கறியாம்"ன்னாங்க. டாக்டர் எழுதிக்கிட்டா. "வீட்டுல வேற யாருக்காவது வயித்துல தொந்தரவு இருந்துச்சா?"ன்னா. இல்லைன்னேன். மெஸ் விசயம் எதுக்கு இவகிட்ட? சம்பந்தமில்லாதது.

ஊசி போட்டா. குளுக்கோஸ் ஏத்தணும்னு சொன்னா. பாட்டிலைத் தொங்கவிட ஸ்டாண்டு கிடையாது! இருந்த ஒண்ணுலயும் ஒரு கன்னுக்குட்டிக்கு ஏறிக்கிட்டிருந்துச்சு. என்ன ஆஸ்பத்திரி இது? நான்தான் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு மணி நேரம். கை மரத்துப் போச்சு. டீச்சர் நான் கொஞ்ச நேரம் பிடிக்கேன்னாங்க. குடுக்கல. உயரம் மாறிட்டா என்ன ஆகும்? இவங்களுக்கெல்லாம் ஒரு விசயத்தச் சரியாச் செய்யத் தெரியாது. சொட்டு சொட்டா எறங்குறத எண்ணிக்கிட்டே நின்னேன். இது கண்ணத் தொறக்கல. காது மட்டும் ஒரு தடவ ஆடுச்சு. நான் ஏதோ சொல்லிக்கிட்டிருந்தேனாம், டீச்சர் அப்புறம் சொன்னாங்க. நான் ஒண்ணும் சொன்னதா ஞாபகம் இல்ல.

நாலு நாள் வந்து போனோம். டெஸ்ட்டுல ஏதோ கிருமி இருக்குன்னு வந்துச்சு, பச்சைக் கறியிலருந்து வர்றதாம். எலும்புத் துணுக்கு வேற குடலைக் கீறியிருக்காம். ஈரல் அதிகமானாலும் வயித்தால போகுமாம். ஒரேயடியா மாத்தினாலும் போகுமாம். ஒரு காரணம் சொன்னா நம்பலாம், நாலு காரணம் சொன்னா என்ன அர்த்தம்? அவளுக்கே தெரியலன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு சொன்னா பாருங்க. "பூனைக்குக் கறி வேணாம்னு நான் சொல்லல சார். கறி வேணும். வெறும் தயிர்சாதம் பத்தாது. மீன் வந்துக்கிட்டிருந்ததாலதான் இது தாங்கியிருக்கு. பச்சையா வேண்டாம்னுதான் சொல்லுதேன். தோலும் எலும்பும் இல்லாம, உப்பு மசாலா இல்லாம, அவிச்சு ஆற வச்சுக் குடுங்க." கேட்டீங்களா? தயிர்சாதம் பத்தாது! டாக்டரே சொல்லிட்டா. டீச்சர், கேட்டுக்கிடுங்க, ஆவுடைகிட்டயும் சொல்லுங்கன்னேன்.

அவங்க சொல்லிட்டாங்க. தயிர்சாதத்த மட்டும் இல்ல, எல்லாத்தையும். ஃப்ரிட்ஜ் தட்டு, ஜாரு, சேலை, மெஸ்ஸு, ஒண்ணு விடல.

அன்னைக்குச் சாயங்காலம் ஆவுடை கூப்பிட்டா. வீடியோ இல்ல, வெறும் குரல். திட்டுவான்னு நெனச்சேன், பதில் எல்லாம் தயாரா வச்சிருந்தேன். அவ திட்டல. "உயிரோட இருக்காளா?"ன்னா. இருக்கான்னேன். அப்புறம் சொன்னா, "எட்டு வருசமா ஒரு பூனைக்குக் கூட நான் சரியாப் போடலன்னு தோணிட்டு உங்களுக்கு." அவ்வளவுதான். வச்சிட்டா.

இதுல என்னங்க தப்பு? சரியாப் போடலன்னா சரியாப் போடலன்னுதான சொல்லணும். கல்யாணம் ஆன நாள்லருந்து நான் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் முதல்ல அடுப்படிக்குப் போவேன், ஒவ்வொரு மூடியாத் தொறந்து பாப்பேன். பாத்திரத்துல விரல வச்சுத் தேச்சுப் பாப்பேன். அது அவ மேல உள்ள கோவம் இல்ல, என் தொழில். ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம்னு இருக்க முடியுமா? ஒருதரம் அவ அண்ணன் வந்து பந்தியில உக்காந்திருக்காரு, அவியல் சட்டி மூடாம இருந்துச்சு. எடுத்துக் கொல்லையில கொட்டிட்டேன். அண்ணன் மோரும் சோறும் சாப்பிட்டுப் போனாரு. அவ அன்னைக்கும் ஒண்ணும் சொல்லல. அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு, சொல்ல வேண்டியதச் சொல்ல மாட்டா.

பன்னெண்டு நாள் கூப்பிடல. நான் கூப்பிட்டா மகள்தான் எடுப்பா. "அம்மா பாப்பாவத் தூங்க வைக்காங்கப்பா"ம்பா. எப்பக் கூப்பிட்டாலும் பாப்பா தூங்கிக்கிட்டே இருக்கும். அது எப்படிங்க, ஒரு குழந்தை நாள் முழுக்கத் தூங்கும்? எனக்கா தெரியாது?

ஆனி பிறந்ததும் மகள் சொன்னா, அம்மா ஆவணியில வரணுமான்னு யோசிக்காங்க, பாப்பாவுக்கு ஒரு வயசு வரைக்கும் இருக்கட்டுமான்னு கேக்காங்கன்னா. ஒரு பூனைக்காக! ஒரு பூனைக்கு வயிறு கெட்டதுக்காக ஒருத்தி வீட்டுக்கு வராம இருப்பாளா? நீங்களே சொல்லுங்க. இந்தப் பொம்பளைங்களுக்கு எதுக்கு எதோட முடிச்சுப் போடணும்னு தெரியாது.

நான் அதுக்கெல்லாம் அசரல. புதுசா ஒரு சட்டி வாங்கினேன், இவளுக்குன்னு தனியா. தினமும் காலையில பீர் பாய் கடைக்குப் போயி அன்னைக்கு வேண்டியது மட்டும் வாங்கிட்டு வருவேன். அவரு இப்ப ஒண்ணும் கேக்கிறது இல்ல, தோலெல்லாம் எடுத்துச் சின்னதா நறுக்கியே குடுத்திருதாரு. அவிச்சு, ஆற வச்சு, கையால பிச்சு, முள்ளு மாதிரி ஏதாவது இருக்கான்னு தடவிப் பாத்து வைப்பேன். முதல் வாரம் டீச்சர் வீட்டு மீனத் தவிர எதையும் திங்கல. நான் வச்சாலே எழுந்து போயிரும். சந்தேகம்! பூனைக்குச் சந்தேகம் பாருங்க! நன்றி கெட்ட சவம். தரையில சம்மணம் போட்டு உக்காந்து ஒவ்வொரு நாராக் கையில வச்சு நீட்டிக்கிட்டிருப்பேன். முட்டி வலிக்கும். எட்டாம் நாள் வந்து ஒண்ணை எடுத்துச்சு. நாக்கு சொரசொரன்னு இருந்துச்சு, உப்புத்தாள் மாதிரி. எட்டு வருசமா வீட்டுல கெடக்கு, அதோட நாக்கு சொரசொரன்னு இருக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.

அன்னைக்கு அத ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக்கு விழுந்துச்சு. பதில் இல்ல.

நேத்துக் காலையில கூப்பிட்டா. அவளா. நான் எடுத்ததும் நேரா விசயத்துக்கு வந்துட்டா.

"ஆவணியில வாரேன். ஆனா ஒரு பேச்சு."

"சொல்லு."

"நான் அடுப்படிக்குள்ள நுழைய மாட்டேன். உங்களுக்கும் எனக்கும் பூனைக்கும் நீங்கதான் பொங்கணும். காலையில காப்பியிலருந்து ராத்திரி வரைக்கும். சம்மதம்னா டிக்கெட் எடுக்கச் சொல்லுதேன்."

நான் விடுவேனா? "அப்ப ஒத்துக்கிடுதியா, சமையல் உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்னு?"

"ஒத்துக்கிடுதேன்."

"முழுசா?"

"முழுசா ஒத்துக்கிடுதேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தாரேன்."

கேட்டீங்களா? முப்பத்தாறு வருசம். முப்பத்தாறு வருசம் கழிச்சு அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் இத்தன நாளாச் சொன்னதெல்லாம் சரின்னுதான அர்த்தம்? டீச்சர்கிட்டச் சொன்னேன், அவங்க சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. அவங்களுக்குப் பொறாமை.

ஆனா ஒண்ணு. ஒத்துக்கிடுதேன்னு சொல்லிட்டு ஆவுடை சிரிச்சா. எங்க வீட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டது கிடையாது. பின்னால மகளும் சிரிக்கா. எதுக்குன்னு கேட்டேன், ஒண்ணும் இல்ல, டிக்கெட் எடுத்தாச்சுன்னு வச்சிட்டா. ஜெயிச்சது நான், சிரிக்கிறது அவ. இதுல என்ன இருக்கு சிரிக்க?

இருங்க, உங்களத்தான் உள்ள கூப்பிடுதாங்க. ஆடு வெளிய வந்துட்டு. போங்க, போங்க, குட்டியத் தூக்கிக்கிடுங்க... ஏம்மா, ஒரு நிமிசம். போறதுக்கு முன்னால ஒண்ணு. சும்மாத்தான் கேக்கேன், தெரியாம இல்ல. ரெண்டு பேருக்கு ரசம் வைக்கணும்னா புளி எம்புட்டுப் போடணும்?